பக்கம் ஆறில் யானை இல்லை

ஜெயந்தினி டீச்சருக்கு அன்றைக்கு விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் ரொட்டி கருகியது. மடிப்பு சரியாக விழவில்லை என்று கட்டிய சேலையை அவிழ்த்தாள். அவிழ்த்ததை மறுபடி கட்டினாள். ஒற்றை அறைக் காம்பராவுக்கும் வாசலுக்குமாக அவள் நடந்த நடையில் லயத்து வரிசை வீடுகளின் நாய்கூட எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்தது.

"ஏன்டி ஜெயந்தி, காலுல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டவ மாதிரி நிக்கிற? பாடம் நடத்தத்தானே போற, சண்டைக்கா போற?" என்றாள் அண்ணி சண்முகவடிவு, மழைக்குக் கட்டும் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே.

"உங்களுக்கு என்னங்க அண்ணி, கொழுந்தக் கிள்ளிப் போட்டா பேர் விழுந்துரும், நாள் சம்பளம் வந்துரும். எனக்கு அப்படியா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேயிலைக் கொழுந்து கிள்ளுவது லேசான வேலை என்று ஒரு லயத்துப் பிள்ளை சொல்லலாமா? அவளைப் படிக்க வைத்ததே கொழுந்துதான். அண்ணி பெரிய மனசு பண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். றொசல்லைக்கு மேலே, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் தோட்டப் பாடசாலையில் ஜெயந்தினி உதவி ஆசிரியை. நான்காம் வகுப்பு அவள் கையில். நிரந்தர நியமனம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. போன பாடசாலைத் தவணையில் ஹட்டனிலிருந்து ஆசிரிய ஆலோசகர் யோகேஸ்வரன் வந்து, வகுப்பின் கடைசி பெஞ்சான பின்வாங்கில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் மூச்சு விடாமல் கடகடவென்று வாசித்தார்கள். அவர் எழுந்து ஒரு பையனின் புத்தகத்தை மெதுவாக மூடினார். பையன் நிறுத்தவேயில்லை, மூடிய புத்தகத்தைப் பார்த்தே மிச்சத்தையும் முடித்தான்.

"டீச்சர், உங்க பிள்ளைங்க வாசிக்கல, ஒப்பிக்கிறாங்க. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா உங்க நியமனத்துக்கு நான் சிபாரிசு எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுத்த தடவைதான் இன்றைக்கு.

புத்தி உள்ள ஒருத்தி என்ன செய்திருப்பாள்? பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பாள். நம் ஜெயந்தினி என்ன செய்தாள் தெரியுமா? ஒப்பிக்காத மாதிரி நடிப்பதற்கு ஒத்திகை வைத்தாள். அதையும் மனப்பாடமாக!

பாடம் நல்ல பாடம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். தகவல் நூலை எப்படி வாசிப்பது என்பது பாடம். கதைப் புத்தகம் என்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போக வேண்டும். தகவல் நூலில் அப்படிப் போக வேண்டியதில்லை. முன்னால் பொருளடக்கம் இருக்கும். உள்ளே துணைத்தலைப்புகள் இருக்கும். படத்துக்குக் கீழே படக்குறிப்பு இருக்கும். கடைசியில் சொற்சுட்டி, அதாவது சொற்களை அகர வரிசையில் அடுக்கி, எது எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பகுதி இருக்கும். தேவையானதைத் தேடி நேராக அங்கே போகலாம். ஆனால் பாடசாலையில் அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விலங்குகளைப் பற்றியது; மூலைகளைப் பூச்சி அரித்தது. அதை வைத்துத்தான் இந்தக் கூத்து.

"யானையைப் பற்றி அறிய எங்கே பார்ப்போம்?" என்று டீச்சர் கேட்பாள். கிஷாந்த் எழுவான். சொற்சுட்டியில் விரலை ஓட்டி, "யா... யானை! பக்கம் ஆறு!" என்பான். உடனே ஆறாம் பக்கத்தைத் திறந்துவிடக் கூடாது. முதலில் ஒன்பதாம் பக்கத்தைத் திறக்க வேண்டும். தலையைச் சொறிய வேண்டும். "இல்ல டீச்சர், இது மான்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஆறுக்கு வர வேண்டும். அந்தத் தலை சொறிதலையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். கிஷாந்த் பிறவி நடிகன். ஒரு வாரத்தில் சொறிவதில் தேறிவிட்டான்.

அடுத்து நிலக்ஷி எழுந்து யானைப் படத்தின் கீழே உள்ள படக்குறிப்பை வாசிக்க வேண்டும். நிலக்ஷி, ஜெயந்தினியின் அண்ணன் வீரபத்திரனுடைய மகள். வீட்டில் அத்தை, பாடசாலையில் டீச்சர் என்பது இருவருக்கும் இடையே கண்டிப்பான ஏற்பாடு. வாசலில் சப்பாத்தைப் போடும்போதே அத்தை டீச்சர் ஆகிவிடுவாள்.

நேற்று ஒத்திகையில் அந்தப் பிள்ளை கேட்டது: "டீச்சர், யானை வேணாம், சிறுத்தைய பாப்பமா?"

"யானையை மட்டும் பாரு."

"நம்ம மலையில யானை இல்லையே டீச்சர். சிறுத்தைதானே இருக்கு."

"நிலக்ஷி, வாய மூடு."

பிள்ளை சும்மா கேட்கவில்லை. ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே உள்ள பள்ளத்திலிருந்து முந்தாநாள் தொடங்கி ஒரு சத்தம். மரம் அறுக்கிற மாதிரி கரகரவென்று எழும்பி அடங்கும். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் பள்ளத்து ஓரத்துக்குப் போக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மாயாண்டிக் கங்காணி கேட்பாரா? "பன்னி உறுமுறதுக்கெல்லாம் பயந்தா தோட்டத்த மூடிட்டுப் போக வேண்டியதுதான். நாளைக்கு அந்த மலைய முடிக்கணும்" என்று சொல்லிவிட்டார். இன்று வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் சண்முகவடிவுக்கும் ஏழாம் நம்பர் மலைதான்.

அண்ணன் வீரபத்திரன் அன்று காலையில் ஒரு மாதிரியாகவே இருந்தான். அவனும் தோட்டத்து ஆள்தான், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வழக்கமாக வாய் ஓயாத மனுஷன், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"வடிவு, இன்னைக்கு மலைக்குப் போகாத. உடம்பு சரியில்லன்னு சொல்லிப் படுத்துக்க."

"நல்லாருக்கே! ஏன் போகக் கூடாது?"

"சும்மாதான் சொல்றேன்."

"சும்மாவுக்கெல்லாம் பேர விட முடியுமா? நீங்க வேணா படுங்க" என்று கூடையை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். அவன் வாசல் வரை எழுந்து வந்தான். ஏதோ சொல்லப் போகிறவன்போல் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, வேலைக்கும் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜெயந்தினி அதைப் பார்த்தாள்தான். ஆனால் அவள் மண்டைக்குள் கிஷாந்தும் யானையும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் முகத்துக்கு அங்கே ஏது இடம்?

வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் ஒன்றாவது இடத்தில் இருந்தால்தானே! எல்லாத் தலைகளும் ஜன்னலில். எதிர்ப்பக்கத்தில் ஏழாம் நம்பர் மலை மழைப்புகாரில் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் கிடந்தது. சிவப்பும் நீலமுமாகப் படங்குகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. "அந்தா எங்கம்மா", "கடைசி நிரையில நிக்கிறது நிலக்ஷியோட அம்மா" என்று ஒரே கூச்சல். கடைசி நிரை என்றால் பள்ளத்து ஓரம்.

"எல்லாரும் உட்காருங்க! சிறுத்தையும் கிடையாது, கிறுத்தையும் கிடையாது. யானை! யானையை மட்டும் நினைங்க!" என்று ஜெயந்தினி கத்திக்கொண்டிருக்கும்போதே, பாடசாலை அதிபர் செல்லசாமியோடு யோகேஸ்வரன் சேர் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். அவள் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சோக்கட்டியை எடுத்தாள்.

"தொடங்குங்க டீச்சர்" என்று பின்வாங்கில் உட்கார்ந்தவர், மேசையிலிருந்த பழைய புத்தகத்தைப் பார்த்தார். ஓரம் அழுக்காகி, ஆறாம் பக்கம் தானாகத் திறந்துகொள்ளும் அளவுக்குப் பழகிப்போன புத்தகம். சிரித்தார். தன் பையிலிருந்து புத்தம் புதிய ஒன்றை எடுத்து நீட்டினார். "இது மலைநாட்டு விலங்குகளைப் பத்தினது. பிள்ளைங்க இன்னும் பாத்திருக்க மாட்டாங்க. இத வச்சு நடத்துங்களேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "சரிங்க சேர்" என்றாள். பொருளடக்கம் என்றால் என்ன, துணைத்தலைப்பு என்றால் என்ன என்று கேட்டாள். பிள்ளைகள் பாடம் பண்ணியபடி சொன்னார்கள். அதுவரை தப்பித்தது. அடுத்த கேள்வியை மாற்றியிருக்கலாம். பதற்றத்தில் வாய் பழகிய வழியிலேயே போயிற்று. "யானையைப் பற்றி அறிய எங்கே பார்ப்போம்?"

கிஷாந்த் எழுந்தான். பாவம், அவன் என்ன செய்வான்! புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை ஓட்டினான். "யா... யானை! பக்கம் ஆறு!" ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தான். தலையை அழகாகச் சொறிந்தான். "இல்ல டீச்சர், இது மான்" என்றான். அங்கே மானும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீளக் கொடுக்கோடு ஒரு நண்டு இருந்தது. ஆறாம் பக்கத்துக்குப் போய், "இதுதான் யானை. தும்பிக்கையால் நீரை உறிஞ்சுகிறது" என்று தொண்டை கணீரென்று சொன்னான். ஆறாம் பக்கத்திலிருந்து ஒரு முள்ளம்பன்றி வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதிபர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். யோகேஸ்வரன் சேர் சிரிக்கவில்லை, பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான், போச்சு, எல்லாம் போச்சு என்று ஜெயந்தினிக்குத் தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் அப்படியே தரைக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. கிஷாந்த் மட்டும் இன்னும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், நன்றாகத்தானே சொன்னோம் என்ற முகத்தோடு நின்றான்.

அப்போதுதான் மலைப்பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மெலிதாகத்தான். கரகரவென்று எழுந்து அடங்கியது. சிரித்த பிள்ளைகள் அடங்கிப்போனார்கள்.

நிலக்ஷி எழுந்தாள். ஒத்திகையில் இல்லாத எழும்பல். நேராக வந்து கிஷாந்த் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டிச் சொற்சுட்டிக்குப் போனாள். விரல் வரி வரியாகக் கீழே இறங்கியது. "ச... சா... சி... சிறுத்தை." நடிப்பு இல்லை. இரண்டு பக்கம் முன்னே போனாள், ஒரு பக்கம் பின்னே வந்தாள், பிடித்துவிட்டாள். துணைத்தலைப்புகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "வாழிடம்... வேணாம். உணவு... வேணாம். குட்டிகள்... வேணாம். தேயிலை மலைகளில் சிறுத்தை." அங்கே விரல் நின்றது.

ஜெயந்தினி பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியும் வராத ஒன்று, இந்தப் பிள்ளைக்குத் தானாக வந்திருக்கிறது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. பின்வாங்கைப் பார்த்தாள். யோகேஸ்வரன் சேர் பேனாவை மூடிவிட்டு முன்னால் சாய்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

"படத்தின் கீழே என்ன இருக்கு, வாசி" என்றாள் உற்சாகமாக.

"கம்பிக் கண்ணியில் சிக்கிய சிறுத்தை. பன்றிக்கு வைத்த கண்ணி இது" என்று நிலக்ஷி வாசித்தாள். படத்திலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் கம்பியைப் பெரிதாக்கிக் காட்டியது. வட்டத்தின் பக்கத்தில் 'பழைய கிளச் கம்பி' என்று எழுதியிருந்தது. பிள்ளை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், இது நம்ம கோழிக்கூட்டு ஆணியில தொங்குனுச்சே, அப்பாவோட கம்பி. அதேதான். இப்ப அங்க இல்ல."

ஜெயந்தினியின் சந்தோஷம் பட்டென்று அறுந்தது. போன வாரம் பன்றிகள் வந்து அண்ணனின் உருளைக்கிழங்குப் பாத்தியைத் தோண்டிப் போட்டதும், "இதுகளுக்கு வைக்கிறேன் பாரு" என்று அவன் பல்லைக் கடித்ததும், ஆணியிலிருந்து கம்பிச்சுருளை எடுத்துப் போனதும், காலையில் வாயைத் திறந்து மூடியதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கம்பிக் கண்ணி வைத்தால் பொலிஸ், கோர்ட்டு என்று இழுத்துவிடும் என்பது மலையில் யாருக்குத் தெரியாது? அதுவும் இப்போது முன்னால் ஓர் அரசாங்க உத்தியோகத்தர் உட்கார்ந்திருக்கிறார்.

"அது வேற கம்பி. நீ உட்காரு" என்றாள்.

ஆமாம், அப்படித்தான் சொன்னாள். மறைத்து என்ன ஆகப் போகிறது? பாடம் இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது. அண்ணன் பேர் அடிபடாமல் முடித்துவிட்டால் போதும் என்று தோன்றிவிட்டது.

நிலக்ஷி உட்காரவில்லை. பக்கத்தின் அடியில் சிவப்புக் கட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் தடித்த எழுத்து. பிள்ளை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தது. ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. "எச்சரிக்கை. சத்தம் ஒரே இடத்திலிருந்து கேட்டால் அருகே போகாதீர்கள். சிக்கிய சிறுத்தை கம்பியை அறுத்துக்கொண்டு பாயக்கூடும்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "சத்தம் ஒரே எடத்துல இருந்துதானே வருது? அத்தை, அம்மா அங்கதான் நிக்குது, அத்தை!"

டீச்சர் இல்லை, அத்தை. வகுப்புக்குள் அந்தச் சொல் இதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. ஜெயந்தினிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சோக்கட்டியை எறிந்துவிட்டு வெளியே ஓடினாள். பாடமாவது, சிபாரிசாவது!

சிக்னல் கொடிக்கம்பத்தடியில்தான் கிடைக்கும். மழையில் நனைந்துகொண்டே அண்ணனுக்கு அழைத்தாள். எடுப்பதற்குள் அவள் உயிர் போய் உயிர் வந்தது.

"அண்ணே, கம்பிய எங்க வச்ச?"

"எந்தக் கம்பி?"

"அண்ணே!"

"பள்ளத்துலதான். பன்னிக்குத்தான் வச்சேன், ஜெயந்தி. நேத்துப் போய்ப் பாத்தேன். சிறுத்த இடுப்புல மாட்டிக்கிட்டு நிக்குது. கிட்டப் போக முடியல, என்னையே பாக்குது. என்ன செய்யிறதுன்னு தெரியல."

"அண்ணி அங்க நிக்கிறாங்க, அண்ணே. கடைசி நிரையில."

"நான்தான் போகாதன்னு சொன்னேனே!"

"ஏன்னு சொன்னியா?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வாயத் தொறந்து ஏன்னு சொன்னியா? மாட்டிக்குவோம்னு பயந்து பொண்டாட்டிய அனுப்பிட்டு உட்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? நீ போய்ச் சொல்றியா, இல்ல நான் போய்ச் சொல்லவா?"

லைன் அறுந்தது. திரும்பினால் யோகேஸ்வரன் சேர் பக்கத்தில் குடையோடு நின்றார். அவர் கையிலும் போன். ஏற்கெனவே வனவிலங்கு அலுவலகத்துக்கு அழைத்துச் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் பேர், மலையின் நம்பர், எந்தப் பாதையால் வர வேண்டும் என்று அவளிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். கடைசியில் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு, "கண்ணி வச்சது யாருன்னு கேக்கிறாங்க டீச்சர்" என்றார்.

அவள் எதிர்மலையைப் பார்த்தாள். லயத்துப் பக்கத்திலிருந்து ஒருவன் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து மேலே ஓடிக்கொண்டிருந்தான். சட்டை இல்லை. கையை வீசி வீசிக் கத்துவது தெரிந்தது. என்ன கத்துகிறான் என்று கேட்கவில்லை.

"இங்க வந்து கேக்கச் சொல்லுங்க சேர். அவரே சொல்லுவாரு" என்றாள். சொல்லுவானா? அவளுக்கே நிச்சயமில்லை.

வகுப்பு முழுக்க ஜன்னலில் தொங்கியது. அதிபர் செல்லசாமி கதவை மறித்துக்கொண்டு யாரையும் வெளியே விடவில்லை. மலையில் சிவப்பும் நீலமும் கலைந்தன. மாயாண்டிக் கங்காணி குறுக்கே வந்து கையை நீட்டி ஏதோ ஏசுவதும், வீரபத்திரன் அவரைத் தள்ளிவிட்டுக் கீழே பள்ளத்து ஓரத்துக்கு ஓடுவதும் தெரிந்தது. அங்கே ஒரு நீலப் படங்கு மட்டும் அசையாமல் நின்றது. நிலக்ஷி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. ஜெயந்தினி அவளைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டாள். டீச்சரா அத்தையா என்ற கணக்கெல்லாம் அப்போது இல்லை.

நீலப் படங்கு அசைந்தது. அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வருவது தெரிந்தது. அவர்கள் பாதி தூரம் வருவதற்குள் பள்ளத்திலிருந்து ஓர் உறுமல் எழுந்து மலையையே உலுக்கியது. எல்லாப் பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். பன்னி உறுமுகிறது என்ற மாயாண்டிக் கங்காணிதான் எல்லாருக்கும் முன்னால் இறங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானத்துக்கு மேல் அதிகாரிகள் வந்தார்கள். மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, வலையில் தூக்கிக் கொண்டுபோனார்கள். பெண் சிறுத்தை. கம்பியின் இழைகளில் பாதிக்குமேல் அறுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் விட்டிருக்கும் என்றார்கள். யார் வைத்தது என்று கேட்டபோது கூடியிருந்த ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வீரபத்திரன் முன்னால் வந்தான். "மம தமய்" என்றான். நான்தான் என்று சிங்களத்தில் சொன்னவனுக்கு அதற்குமேல் எந்த மொழியும் வரவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

யோகேஸ்வரன் சேர் றொசல்லை ரயில் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ஜெயந்தினி அவரோடு கேட் வரை நடந்தாள். கேட்க வேண்டியதை அவளால் கேட்க முடியவில்லை. அவரே தொடங்கினார்.

"டீச்சர், கிஷாந்துக்குத் தலையச் சொறியச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் சேர்."

"நல்லாச் சொறிஞ்சான்." சிரித்துவிட்டு அவர் குரல் மாறியது. "இன்னைக்கு ஒரு பிள்ளை வாசிச்சத என் கண்ணால பாத்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு காரணம் இருந்துச்சு. மத்தப் பிள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு காரணத்தக் கண்டுபிடிங்க. இப்ப நான் சிபாரிசு எழுதல. அடுத்த தவணை வாறேன். புத்தகத்த வச்சுக்கங்க."

வலித்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? அண்ணன் ஜீப்பில் போன நாளில், நியமனமும் ஒரு தவணை தள்ளிப் போயிற்றே என்று அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லுக்கும் அவளிடம் மறுப்பு இல்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் காம்பராவுக்குள் சண்முகவடிவு சோறு போட்டு வைத்தாள். நிலக்ஷி தொடவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடு கண்ணு" என்றாள் ஜெயந்தினி.

"நான் வாசிக்காம இருந்திருந்தா அப்பா வீட்டுல இருந்திருப்பாரு. இனிமே நான் எதையும் வாசிக்க மாட்டேன்."

எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று வாரக்கணக்காகப் பாடம் பண்ண வைத்தவளிடம் இதற்கு ஒரு பதில் இல்லை. எழுந்தாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சண்முகவடிவு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தப் புத்தகத்தக் குடு" என்றாள். வாங்கி மடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாக எச்சில் தொட்டுப் புரட்டத் தொடங்கினாள். அட்டை. பேர். ஒரு தவளை. இன்னொரு தவளை. முள்ளம்பன்றி. நண்டு. ஒரு படத்தையும் விடாமல் நிதானமாகப் பார்த்து, அடுத்த தாளுக்குப் போனாள். நிலக்ஷி ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த நிதானத்தை அந்தப் பிள்ளையால் தாங்க முடியவில்லை.

"அப்படி இல்லம்மா! மொதல்ல இருந்து பாத்தா விடிஞ்சிரும். பின்னாடி பாக்கணும்." எழுந்து வந்து புத்தகத்தைத் திருப்பினாள். விரலை ஓட்டினாள். பக்கத்தைத் திறந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"வாசி."

பிள்ளை உதட்டைக் கடித்தது. பிறகு வாசித்தது. சிவப்புக் கட்டத்தைக் கடைசிச் சொல் வரை வாசித்தது.

சண்முகவடிவு கேட்டு முடித்தாள். அடுப்பைக் காட்டினாள், கதவைக் காட்டினாள். "நான் நின்ன எடத்துக்கும் அதுக்கும் இவ்வளவுதான் தூரம். உங்கப்பாவுக்கு நேத்தே தெரியும், வாயத் தொறக்கல. நீ தொறந்த. அதனாலதான் நான் இப்ப இங்க உட்காந்து உனக்குச் சோறு போடுறேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகணும். இத எடுத்துக்கிட்டு வா. உங்கப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டு. கேக்கட்டும் அந்த மனுஷன். ஜெயந்தி, அந்தப் பக்கத்துல ஒரு துண்டுக் கடதாசிய அடையாளத்துக்கு வை, அங்க போய்த் தேட முடியாது."

"அடையாளம் எல்லாம் வேணாம்மா. பின்னாடி பாத்தாக் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, நிலக்ஷி சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.